ஒரு கிராம் தங்கத்துக்கு 26 பெயர்



பதிவு கொஞ்சம் நீளம். பிளேன்ட்டீ ஒன்றை ஊற்றிக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

போன கிழமை பாடசாலை விட்டு வரும்போது சந்தியில் ஒரு தம்பி மறித்தான். எங்களிடம் கணக்குப் படித்தவன். இப்போது கொழும்பில் கடை வேலை, லீவில் வந்திருக்கிறான். "சேர், வெள்ளி வாங்கி வைக்கலாமா? இன்னும் ரெண்டு மடங்கு ஏறுமாம். அம்மா குழுவுல லோன் எடுத்துத் தர்றேன்னு சொல்லிட்டாங்க" என்றான். கையில் போன், அதில் யாரோ ஒருவர் கோட் போட்டுக்கொண்டு கோடு கீறிக் காட்டுகிறார்.

நடுரோட்டில் நின்று "வேணாம் மகன், லோன் எடுக்காதே" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தோம். வீட்டுக்கு வந்த பிறகுதான் யோசித்தோம், அது ஒரு பதிலா? ஏன் வேண்டாம் என்று சொல்லாமல் வேண்டாம் என்பது வாத்தியார் செய்கிற வேலை இல்லை. ஆசிரியர் அறையிலும் இதே பேச்சுத்தான். 2025 ஒக்டோபரில் உலகச் சந்தையில் தங்கம் அவுன்ஸ் 4,000 டொலரைத் தாண்டிய நாளில் இருந்து, தங்கத்தைப் பற்றிப் பேசாத ஆள் ஊரில் இல்லை. ஆகவே தெரிந்ததை எழுதுகிறோம். நாங்கள் நகை வியாபாரியும் இல்லை, பேங்க்காரரும் இல்லை. கணக்குப் பார்க்கத் தெரியும், அவ்வளவுதான்.

முதலில் விலையை நீங்களே கணக்குப் பார்க்கப் பழகுங்கள். தங்கத்தின் அவுன்ஸ் என்பது 31.1 கிராம். நம்முடைய பவுண் 8 கிராம். (வெள்ளைக்காரன் காலத்துத் தங்க நாணயம் 7.98 கிராம், 22 கெரட். அந்தப் பவுண்தான் நம் வாயில் இன்னும் நிற்கிறது.) அவுன்ஸ் 4,000 டொலர், டொலர் 300 ரூபா என்று வைத்துக்கொள்ளுங்கள். 4,000 ஐ 31.1 ஆல் வகுத்து 300 ஆல் பெருக்கினால், சுத்தத் தங்கம் ஒரு கிராம் ஏறக்குறைய 38,585 ரூபா. 22 கெரட் என்றால் 24 பங்கில் 22 பங்குதான் தங்கம், ஆகவே கிராம் 35,370. பவுண் 2 இலட்சத்து 83 ஆயிரம் அளவில் வரும். கடையில் சொல்லும் விலை இதற்கு எவ்வளவு மேலே நிற்கிறது என்று பாருங்கள். ஆட்கள் முண்டியடித்து வாங்கும் நாட்களில் அந்த இடைவெளி பெருக்கும். அந்த ஒக்டோபரிலும் பெருத்தது. அப்படிப்பட்ட நாளில் வாங்குகிறவர் தங்கத்துக்கு மட்டுமல்ல, அவசரத்துக்கும் சேர்த்துக் காசு கட்டுகிறார்.

இந்தக் கணக்கைத் தோட்டத்துக் கணக்காக மாற்றிப் பாருங்கள். 2025 இல் இருந்த 1,350 ரூபா நாட்சம்பளத்தில் ஒரு கிராம் 22 கெரட் தங்கத்துக்கு 26 பெயர் போட வேண்டியிருந்தது. ஒரு மாதம் ஒரு நாளும் விடாமல் மலை ஏறினால் ஒரு கிராம், அதுவும் சோறு தின்னாமல். ஒரு பவுணுக்கு 210 பெயர். போனில் கோடு கீறுகிறவருக்கு இது தெரியாது. அவர் சொல்லும் "சின்ன முதலீடு" நம் வீட்டில் சின்னது இல்லை.

அப்படியென்றால் தங்கமே வேண்டாமா? நாங்கள் அப்படிச் சொல்லவில்லை. நம் தாய்மார் தங்கம் வாங்கியது இலாபத்துக்கு இல்லை, அடகு வைக்கத்தான். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும், ஆனாலும் உண்மை. பிள்ளைக்குக் கொப்பி வாங்க ஒரு சங்கிலி பேங்குக்குப் போகும், தீபாவளி முற்பணத்திலோ பெருநாள் காசிலோ திரும்பி வரும், வருத்தம் வந்தால் மறுபடி போகும். காணி உறுதி இல்லாத, சம்பளச் சிட்டையைத் தவிர வேறு கடதாசி இல்லாத மனிதருக்கு எந்த பேங்கும் கேள்வி இல்லாமல் காசு கொடுக்கும் ஒரே பொருள் தங்கம். லயத்தில் இருக்கும் அக்காமாருக்கு இந்தப் பொருளாதாரம் எங்களைவிட நன்றாகத் தெரியும். அந்த வேலையைத் தங்கம் இன்றும் செய்கிறது.

ஆனால் அதிலேயே கை சுட்ட கதையும் நம் நாட்டில் இருக்கிறது. 2011 செப்டெம்பரில் தங்கம் அவுன்ஸ் 1,900 டொலர் வரை போனது. "தங்கம் ஏறுமே தவிர இறங்காது" என்று அப்போதும் எல்லோரும் சொன்னார்கள். பேங்குகள் பவுணுக்கு அள்ளிக் கொடுத்தன, சனம் அள்ளி வாங்கியது. 2013 ஏப்ரலில் இரண்டே வேலை நாளில் அவுன்ஸ் விலை 200 டொலருக்கு மேல் விழுந்தது. அடகு வைத்த நகையின் விலை, கட்ட வேண்டிய கடனையும் வட்டியையும் விடக் குறைந்துவிட்டது. மீட்டால் நட்டம் என்று ஆட்கள் நகையை அப்படியே விட்டார்கள், பேங்குகள் ஏலம் போட்டும் கடனுக்குக் காணவில்லை. கடைசியில் 2014 இல் அடகுக் கடனுக்கென்றே மத்திய வங்கி ஒரு உத்தரவாதத் திட்டம் கொண்டுவர வேண்டி வந்தது. பேங்க் நிமிர்ந்துவிட்டது. தாலிக்கொடியையும் கல்யாண மாலையையும் ஏலத்தில் விட்ட பெண்களுக்கு எந்த உத்தரவாதத் திட்டமும் வரவில்லை. 1,900 டொலரில் வாங்கியவர் அந்த விலையை மறுபடி பார்க்க 2020 வரை இருக்க வேண்டியிருந்தது.

2022 இல் வேறொரு பாடம். மார்ச் மாதம் டொலர் 200 ரூபா அளவில் இருந்தது, மே மாதம் 360. அந்த வருஷம் உலகச் சந்தையில் தங்கம் உண்மையில் இறங்கியது. மார்ச்சில் 2,000 டொலருக்கு மேல், நவம்பர் தொடக்கத்தில் 1,630 அளவு. ஆனாலும் நம் ஊரில் பவுண் விலை வானத்துக்குப் போனது. ஏறியது தங்கம் இல்லை, விழுந்தது நம் ரூபா. செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்ட நேரம், பாஸ் புத்தகத்தில் காசு வைத்திருந்தவர் வாயைப் பிளந்தார், இரண்டு பவுண் வைத்திருந்தவர் ஓரளவு தப்பினார். இதை மறுக்க முடியாது. மறுபக்கமும் உண்டு: 2023 நடுப்பகுதியில் டொலர் 300 ரூபாவுக்கு அண்மையாக இறங்கியபோது பவுண் விலையும் இறங்கியது. பயந்து உச்ச விலையில் வாங்கியவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள். தங்கம் வாங்கும்போது ஒரே நேரத்தில் இரண்டு விலையில் பந்தயம் கட்டுகிறோம், ஒன்று உலகத் தங்கம், மற்றது டொலர்.

இனி வெள்ளி. தம்பி கேட்டது இதைத்தான்.

"ஏழையின் தங்கம்" என்று வெள்ளியைச் சொல்லி விற்கிறார்கள். கிராம் சில நூறு ரூபாதானே, கைக்கு எட்டும் என்று தோன்றுகிறது. 1980 ஜனவரியில் அமெரிக்காவில் ஹண்ட் சகோதரர்கள் என்ற கோடீஸ்வரர்கள் வெள்ளியை வளைத்து வளைத்து வாங்க, அவுன்ஸ் ஏறக்குறைய 50 டொலர் வரை போனது. மார்ச் 27 ஆம் திகதி ஒரே நாளில் பாதியாக விழுந்து 11 டொலருக்கும் கீழே வந்தது. 2011 ஏப்ரலில் மறுபடி 50 ஐத் தொடப் பார்த்துத் திரும்பியது, 2015 முடிவில் 14 டொலருக்கும் கீழ். 1980 உச்சத்தைத் தெளிவாகத் தாண்டியது 2025 ஒக்டோபரில்தான். அன்று உச்சத்தில் வாங்கியவர் 45 வருஷம் காத்திருந்தார், உயிரோடு இருந்தால். வெள்ளிக்குச் சூரிய மின்தகடு, மின்சாதனம் என்று தொழிற்சாலைத் தேவை கூடிக்கொண்டு போவது உண்மை. அதே காரணத்தால் தொழிற்சாலை படுத்தால் வெள்ளியும் படுக்கும். தங்கம் நடந்தால் வெள்ளி ஓடும், தங்கம் தடுக்கினால் வெள்ளி குப்புற விழும்.

அதைவிட நம் ஊருக்கென்று ஒரு பிரச்சினை இருக்கிறது. விற்கப் போய்ப் பாருங்கள். பண்டாரவளையிலோ வெல்லவாயவிலோ தங்கத்தை எந்தக் கடையிலும் நிறுத்துப் பார்த்துக் காசு தருவார்கள். அடகு வைக்க பேங்க் இருக்கிறது. வெள்ளிக் கட்டியைக் கொண்டுபோய் வைத்தால் கடைக்காரர் அதையும் உங்கள் முகத்தையும் மாறி மாறிப் பார்ப்பார். கொலுசு வாங்கப் போனால் ஒரு விலை, அதே கொலுசை விற்கப் போனால் பாதி விலை. பேங்குகளில் அடகு என்றாலே தங்கம்தான், வெள்ளியை நீட்டினால் திருப்பித் தருவார்கள். அவசரத்துக்கு உதவாத சேமிப்பு நம்மைப் போன்றவர்களுக்கு எதற்கு? கையில் மேலதிகமாக இருக்கும் காசில் ஆசைக்குக் கொஞ்சம் வாங்கி வைப்பவரை நாங்கள் தடுக்க மாட்டோம். முதன்முதலாகச் சேமிக்கத் தொடங்குகிறவர் வெள்ளியில் தொடங்குவது சரியில்லை என்பதுதான் எங்கள் அபிப்பிராயம்.

தங்கம் என்று முடிவெடுத்தால் நகையா, நாணயமா? உடுக்க வேண்டும், கல்யாணத்துக்குப் போட வேண்டும் என்றால் நகை, அதில் கதையே இல்லை. ஆனால் அதை முதலீடு என்று சொல்லி எங்களை ஏமாற்றாதீர்கள். செய்கூலி, சேதாரம் என்று கொடுத்த காசு கடை வாசலைத் தாண்டும்போதே போய்விட்டது. கல் வைத்த நகை என்றால் வாங்கும்போது கல்லையும் தங்க விலைக்கு நிறுப்பவர்கள் இருக்கிறார்கள், விற்கும்போது கல்லைக் கழித்துத்தான் நிறுப்பார்கள்.

எங்கள் வீட்டுக் கதையைச் சொல்கிறோம். கல்யாணம் முடித்த புதிதில் ஒரு டவுன் கடையில் இரண்டு காப்பு வாங்கினோம். கடையின் பெயர் வேண்டாம். 22 கெரட் என்று வாயால் சொன்னார்கள், துண்டுக் கடதாசியில் விலையை மட்டும் எழுதித் தந்தார்கள். பல வருஷம் கழித்து ஒரு மருத்துவச் செலவுக்கு விற்கப் போனபோது மெஷினில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது 22 இல்லையே, 19 தான் காட்டுது" என்றார்கள். பழைய கடைக்குப் போனோம். பில் இல்லை, பேச்சும் இல்லை. கணக்கு வாத்தியார் வீட்டில் இந்தக் கணக்கு! இந்தியாவில் 2021 ஜூனில் இருந்து நகையில் ஹோல்மார்க் முத்திரை இல்லாமல் விற்கக் கூடாது என்று சட்டத்தைப் படிப்படியாகக் கொண்டுவந்துவிட்டார்கள். நம் நாட்டில் அந்தப் பழக்கம் எல்லாக் கடைக்கும் வரவில்லை. ஆகவே நம் பாதுகாப்பு பில்தான். நிறை, கெரட், அன்றைய கிராம் விலை, கூலி நான்கும் தனித்தனியாக எழுதிய பில். எழுதித் தர மாட்டேன் என்கிற கடையில் இருந்து எழும்பி வந்துவிடுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. சேமிப்புக்கு மட்டும் என்றால் சுத்தத் தங்கத்தில் சிறிய நாணயமோ கட்டியோ மேல். ஒரு கிராம், இரண்டு கிராம் என்றும் கிடைக்கும், ஆனால் சிறிதாகச் சிறிதாக அச்சுக்கூலி விகிதம் கூடும். வாங்கும் கடையிலேயே "நாளைக்கே திருப்பித் தந்தால் எவ்வளவுக்கு எடுப்பீர்கள்?" என்று கேளுங்கள். அந்தப் பதிலில்தான் எல்லாம் இருக்கிறது.

வாங்கியாயிற்று, எங்கே வைப்பது?

வேறு ஊர்க்காரருக்கு இது சின்னக் கேள்வி. நமக்கு இல்லை. 2014 ஒக்டோபர் 29 காலையை இந்த ஊரில் யாரும் மறக்கவில்லை. மீரியபெத்தையில் மலை இறங்கியபோது லயங்களோடு மனிதர்கள் போனார்கள். நகை, அடையாள அட்டை, பாஸ் புத்தகம், சேமலாப நிதிக் கடதாசி எல்லாம் அந்த மண்ணுக்குள்தான். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் வந்தபோது பதுளை மாவட்டம் முழுக்க அதே பயம், அதே அழுகை. அரிசிப் பானைக்குள்ளும் சீலை மடிப்புக்குள்ளும் தங்கம் வைக்கும் பழக்கத்தை நாம் விட வேண்டும். பேங்க் பெட்டகம் எல்லாக் கிளையிலும் இல்லை, பெரிய டவுன்களில் விசாரியுங்கள். இரண்டு மூன்று உறவுக் குடும்பங்கள் சேர்ந்து ஒரு பெட்டகம் எடுக்க முடியுமா என்றும் கேட்டுப் பாருங்கள். பில்லையும் நகையையும் போனில் படம் எடுத்து வெளியூரில் இருக்கும் பிள்ளைக்கு அனுப்பி வையுங்கள். சிவப்பு எச்சரிக்கை வந்து இறங்கச் சொன்னால், அலுமாரியைத் திறக்க உள்ளே போகாதீர்கள். பெட்டி உள்ளே இருக்கிறது என்று திரும்பி ஓடுகிற கால்தான் நமக்குப் பயம்.

இனி வருவது முஸ்லிம் சகோதரர்களுக்கு. தமிழ் உறவுகள் தாண்டிப் போகலாம், வாசித்தாலும் நட்டமில்லை.

தங்கத்தையும் வெள்ளியையும் கைக்குக் கை, அந்த இடத்திலேயே மாற்ற வேண்டும் என்பது நபி (ஸல்) அவர்களின் கட்டளை. இன்றைய கடதாசிக் காசுக்கும் அது பொருந்தும் என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. ஆகவே "இன்றைய விலையில் புக் பண்ணிவிட்டு மாதாமாதம் காசு கட்டுங்கள்" என்கிற திட்டங்களில் சேர முன் ஹஸ்ரத்மாரிடம் கேளுங்கள். பழைய நகையைக் கொடுத்து மேலே காசு போட்டுப் புது நகை எடுப்பதும் அப்படித்தான். பழையதை விற்றுக் காசைக் கையில் வாங்கி, பிறகு புதியதை வாங்குங்கள். ஒரே கடையில், ஐந்து நிமிட வித்தியாசம்.

ஸகாத் பற்றிப் பலர் யோசிப்பதே இல்லை. ஷாஃபி மத்ஹபில் பெண்கள் வழமையாகப் போடும் அளவான நகைக்கு ஸகாத் இல்லை. ஆனால் சேமிப்பாக வைத்த நாணயமும் கட்டியும் அப்படி இல்லை. தங்கம் 85 கிராம், அதாவது பத்தரைப் பவுணுக்குச் சற்று மேல், ஒரு ஹிஜ்ரி வருஷம் கையில் இருந்தால் நாற்பதில் ஒரு பங்கு. வெள்ளிக்கு நிஸாப் 595 கிராம். அவுன்ஸ் 50 டொலர், டொலர் 300 ரூபா என்று போட்டால் அது 2 இலட்சத்து 87 ஆயிரம் ரூபாதான். ஒரு பவுண் தங்கத்தின் காசுக்குச் சற்று மேலே போட்டு வெள்ளி வாங்கி வருஷம் முழுக்க வைத்தால் அவர் ஸகாத் கொடுக்க வேண்டியவர் ஆகிவிடுவார்! வெள்ளி முதலீட்டைப் பற்றிப் பேசும் எந்த வீடியோவிலும் இதை நாங்கள் கேட்கவில்லை. அடகில் வட்டி இருக்கிறது என்பதை யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வட்டியில்லாமல், நகையைப் பாதுகாக்கும் கூலி மட்டும் எடுக்கும் இஸ்லாமிய முறை அடகு நம் நாட்டு வங்கித்துறையில் இருக்கிறது, விசாரியுங்கள்.

மோசடிகளைப் பற்றி ஒரு பந்தி. "தோட்டம் வெட்டும்போது புதையல் கிடைத்தது" என்று பாதி விலைக்குத் தங்க மணி கொண்டுவருகிறவன், வீட்டு வாசலில் நகைக்குப் பொலிஷ் போட்டுத் தருகிறவன், இரண்டும் பழைய கள்ளர்கள். புதிய கள்ளன் வட்ஸ்அப்பில் வருகிறான். தங்கம் வாங்கி ஆள் சேர்த்தால் கமிஷன் என்பான். இந்தச் சங்கிலி வியாபாரம் நாணயத்தைக் காட்டிக்கொண்டு 2000 களிலேயே நம் நாட்டுக்கு வந்து நிறையப் பேரை அழவைத்தது. பிரமிட் திட்டம் வங்கிச் சட்டத்தின்படி குற்றம். நடத்துகிறவருக்கு மட்டும் இல்லை, ஆள் சேர்க்கிறவருக்கும்.

அடுத்து, சேமலாப நிதி. நம் அக்காமார் 50 வயதிலும் அண்ணன்மார் 55 வயதிலும் வாழ்நாள் உழைப்பை ஒரே தொகையாகக் கையில் வாங்குகிறார்கள். வாங்கிய கிழமையே மகள் மருமகன் எல்லோரும் நகைக்கடைக்குக் கூட்டிப் போகிறார்கள். எங்களைக் கேட்டால், அந்தக் காசில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் தங்கத்துக்குப் போகக் கூடாது. கடன் இருந்தால் முதலில் கடன். பிறகு மூன்று மாதச் செலவு பேங்கில். கூரை ஒழுகினால் கூரை. அதற்குப் பிறகு மிஞ்சினால், ஒரே நாளில் இல்லாமல் நாலைந்து மாத இடைவெளியில் கொஞ்சம் கொஞ்சமாக வாங்கட்டும். 2025 ஒக்டோபர் 21 ஆம் திகதி தங்கம் ஒரே நாளில் ஐந்து சதவீதத்துக்கு மேல் விழுந்தது. அதற்கு முதல் நாள் மொத்தக் காசையும் போட்ட ஓர் ஓய்வுபெற்ற தொழிலாளியை நினைத்துப் பாருங்கள், சராசரி விலை என்று நாங்கள் வகுப்பில் சொல்லிக்கொடுப்பதன் பயன் புரியும்.

அந்தத் தம்பிக்கு நேற்றிரவு போன் எடுத்தோம். குழுக் கடனின் வட்டி எவ்வளவு, கிழமைத் தவணை எவ்வளவு என்று அம்மாவிடம் கேட்டு எழுதச் சொன்னோம். எழுதி, வெள்ளி வருஷத்துக்கு எவ்வளவு ஏறினால் அந்த வட்டிக்கும் விற்கும்போது கடைக்காரர் கழிப்பதற்கும் சரிவரும் என்று அவனையே கணக்குப் போடச் சொன்னோம். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "சேர், இது சரிவராது போல" என்றான். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வருஷக் கடைசியில் ஒரு கிராம் நாணயம் ஒன்று வாங்கப் போகிறானாம். அம்மா குழுவில் கடனுக்குக் கையெழுத்து வைக்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ்.

வேறு யாருக்காவது கடன் கடதாசியோ நகை பில்லோ வாசித்து விளங்கப்படுத்த வேண்டுமென்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் வீட்டுக்கு வாருங்கள். கணக்குக் கொப்பியும் கொண்டுவாருங்கள்.